பஞ்சைப் பார்த்து வாங்குங்கள்



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஐந்தாம் பாரம் முடித்ததும் பட்டணத்தில் கார் கழுவி மெருகேற்றும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வந்தவன் கொடுத்த தேநீரைக்கூடத் தொடவில்லை.

"மாமா, ஒரு காருக்குச் சாயம் வெந்து போச்சு. பானெட்டுக்குப் புதுசா சாயம் அடிக்கிற செலவை முதலாளி என் சம்பளத்தில பிடிக்கிறேன்னுட்டாரு" என்றான்.

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. தொழிலாளர் இலாகாவில் போய்க் கேள் என்று அவனிடம் சொன்னேன். அது வேறு கதை. சாயம் ஏன் வெந்தது என்பதுதான் இந்த வாரம் நாம் பேச வேண்டியது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலுக்குப் போகிறார்கள். வீட்டில் பழைய கஞ்சிலோ மைவியோ வைத்திருப்பவர்களும் தாங்களே மெருகு போடப் பார்க்கிறீர்கள்.

"எந்தப் பஞ்சு போட்டாய்?" என்று கேட்டேன்.

"மஞ்சள் பஞ்சு மாமா. முன்னே இருந்த கடையில மஞ்சள்தான் கடைசி மெருகுக்கு."

கோளாறு அங்கேதான். பஞ்சின் நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி பஞ்சுகளில் மஞ்சள் என்றால் கீறலை வெட்டி எடுக்கும் முரட்டுப் பஞ்சு. இத்தாலியின் ரூபெஸ் பஞ்சுகளில் அதே மஞ்சள் மெல்லிய மெருகுக்கு உரியது. இரண்டும் ஒரே அலமாரியில் கிடந்தால் கண்ணுக்கு அண்ணன் தம்பிதான். ஆகவே நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பொட்டலத்தில் 'கட்டிங்', 'பாலிஷிங்', 'ஃபினிஷிங்' என்று எந்தச் சொல் போட்டிருக்கிறது என்று படியுங்கள். பொட்டலம் இல்லாமல் உதிரியாக விற்றால் கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

விரலால் அமுக்கிப் பார்ப்பதும் கொஞ்சம் உதவும். விறைப்பாக இருந்து, அமுக்கினால் உடனே எழும்பி, துளைகளும் சொரசொரப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது வெட்டும் பஞ்சு. மெத்தென்று அமுங்கினால் கடைசி மெருகுக்கோ மெழுகு பூசவோ உள்ளது. நடுத்தரம் இரண்டுக்கும் இடையில். கம்பளிப் பஞ்சு என்று ஒன்றும் உண்டு. அது நன்றாக வெட்டும். கற்றுக்கொள்கிறவர்கள் கையில் அது வேண்டாம்.

வெட்டும் பஞ்சு என்றால் எதை வெட்டுகிறது? இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். எழுதுகிற தாளின் கனத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் கீறல்கள் இந்தப் பூச்சின் மேல்தான் விழுகின்றன. மெருகு போடும்போது கீறலை நாம் நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றிலும் உள்ள பூச்சைச் சீவி எடுக்கிறோம்.

மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கத்தி அளவோடு இறங்கினால் பால். ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். ரப்பர் மரத்திலாவது சீவிய பட்டை சில வருடங்களில் மறுபடி வளரும். கிளியர் கோட் வளராது.

அதனால் நான் சொல்லும் முறை இதுதான். முதலில் மெத்தென்ற பஞ்சையும் மென்மையான பாலிஷையும் எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் போட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் போய்விட்டதா? கார் முழுவதற்கும் அது போதும். போகவில்லையா? நடுத்தரப் பஞ்சை மாட்டுங்கள். முரட்டுப் பஞ்சுக்குக் கடைசியில்தான் முறை வரவேண்டும். அதைப் போட்ட இடத்தில் மங்கலாக ஒரு தடம் நிற்கும். அதை எடுக்க மறுபடியும் மெல்லிய பஞ்சுக்கு வந்துதான் ஆகவேண்டும். நகத்தை ஓட்டிப் பார்த்து மாட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள், அதைத் துரத்திப் போனால் பூச்சு முழுவதும் போய்விடும்.

மெஷினையும் பாருங்கள். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் சீக்கிரம் சூடேற்றும். ஆடிக்கொண்டே சுற்றும் 'டூயல் ஆக்‌ஷன்' மெஷின் பொறுமையானது. சாதாரணமாக அதை அழுத்தினால் சுற்றுவது நின்றுபோகும். புதியவர்களுக்கு அதுவே நல்லது. பஞ்சு, மெஷினின் தட்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கவேண்டும். தட்டு 5 அங்குலம் என்றால் பஞ்சு ஐந்தரை அங்குலம். சரிக்குச் சரியாக இருந்தால் தட்டின் விளிம்பு சாயத்தில் இடித்துவிடும். பஞ்சை நடுவில் மாட்டுங்கள், ஓரம் தள்ளி மாட்டினால் மெஷின் உதறும்.

என் மருமகன் செய்தது ரோட்டரி மெஷின், முரட்டுப் பஞ்சு, பானெட்டின் மேடான வரம்பு, மூன்றும் ஒன்றாக. வரம்பிலும் ஓரத்திலும் பூச்சு மெல்லிசாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தாலே தப்பித்திருப்பான்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது, நிறம்தான் மேலே இருக்கும். அப்படிப்பட்ட காரைத் தேய்த்தால் பஞ்சில் காரின் நிறம் ஏறும், அது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஏறினால் உடனே மெஷினை நிறுத்துங்கள்.

ஒரே பஞ்சால் முழுக் காரையும் முடிக்க நினைக்காதீர்கள். பாலிஷும் சீவிய தூளும் சேர்ந்து பஞ்சை அடைத்துவிடும், சூடும் ஏறும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். இடையிடையே பிரஷால் தட்டிவிடுங்கள். கீழே விழுந்த பஞ்சைக் கழுவாமல் திரும்ப மாட்டவே கூடாது, நம் தோட்டத்துச் செம்மண்ணில் ஒரு மணல் ஒட்டினால் போதும். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கிக் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவிடுங்கள். ஓரம் பிய்ந்ததையும் வெல்குரோ கழன்றதையும் தூக்கிப் போடுங்கள்.

மருமகன் போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கஞ்சிலை லயத்துப் பின்னால் நிழலில் நிறுத்தி, மெத்தென்ற பஞ்சிலேயே முடித்திருக்கிறான். இடது கதவில் நகம் மாட்டும் கீறல் ஒன்று அப்படியேதான் இருக்கிறது. "அதையும் எடுக்கச் சொல்லுங்கண்ணே" என்று என் தங்கை கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.