ஷூவுக்கும் தேய்மானம் உண்டு மக்களே!

டிஸ்கி: ஸ்னீக்கர் சேர்க்கும் நண்பர்கள் அடிக்க வராதீங்க. நானும் மூணு பெட்டி வெச்சிருந்தவன்தான் :-)

என் வகுப்பு நண்பன்கிட்ட பதினோரு ஜோடி ஸ்னீக்கர் இருக்கு. அதுல நாலு ஜோடி அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. கேட்டா "இது இன்வெஸ்ட்மென்ட் மாப்ள"ங்கறான். பி.காம். படிக்கிறவன் பேசுற பேச்சா இது?

தேய்மானம்னு ஒரு பாடம் நடத்துனாங்களே, ஞாபகம் இருக்கா? உபயோகிச்சா மட்டுமில்ல, சும்மா வெச்சிருந்தாலும் காலப்போக்குல மதிப்பு குறையும்னு படிச்சோம். ஷூவுக்கு அது அப்படியே பொருந்தும். பல ஸ்னீக்கர்ல நடு சோல் பாலியூரித்தேன். காத்துல இருக்கிற ஈரம் பட்டுப் பட்டே அது சிதையும். ஹைட்ராலிசிஸ்னு பேரு. பல வருஷம் பூட்டி வெச்ச ஜோடியை எடுத்து மாட்டி நடந்தா, பொரி உருண்டை மாதிரி உதிரும்.

சரி, போட்டு நடக்கிறவங்களாவது ஒழுங்கா? எட்டாயிரத்துக்கு ஷூ வாங்குறாங்க. உள்ளே இருக்கிற இன்சோல் அப்பளமா அமுங்கினதும், குதிகால் வலிக்குதுன்னு அடுத்த எட்டாயிரம்! சில நூறு ரூபாய்க்கு இன்சோலை மட்டும் மாத்தலாம்னு தோணறதே இல்லை. ஏன்னா இன்சோல் போட்டோவுல தெரியாதே...

இன்சோல்னா அற்ப விஷயம்னு நினைக்காதீங்க. 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகள் பாதத்துல புண் வர முக்கியக் காரணம் உணர்ச்சி இல்லாம ஒரே இடத்துல திரும்பத் திரும்ப விழுற அழுத்தம்தான்னு கண்டார். அவங்களுக்கு மைக்ரோசெல்லுலர் ரப்பர் வெச்ச செருப்பு செய்ய வெச்சார். இன்னிக்கு சர்க்கரை நோயாளிகள் போடுற எம்.சி.ஆர். செருப்புலயும் அதே ரப்பர்தான்.

எங்கப்பா ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். சர்க்கரை உண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு 2021லேயே தமிழ்நாட்டுல சட்டத்தைத் திருத்திட்டாங்க. தீபாவளிக் கூட்டத்துல யாரு உட்காருறது? போன சீசன்ல ஒரு ராத்திரி அவர் சாக்ஸைக் கழட்டினா, உள்ளே ரத்தம். "வலியே தெரியலடா"ன்னார். வீடு கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி நடக்கிற தூரம். ஆனா அப்பா பாதத்தை அதுவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் ரூம்ல மூணு பெட்டி திறக்காம இருந்துச்சு. வெட்கமா போச்சு. ரெண்டை வித்தேன். வாங்கின விலையில பாதிகூடத் தேறல. இதுதான் இன்வெஸ்ட்மென்ட்!

இன்சோல் வாங்கறப்போ கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. குழி உடனே நிமிரலைன்னா வேண்டாம். ஜெல், கடையில சுகமா இருக்கும், ஆனா கனம். ஈ.வி.ஏ. லேசு, சீக்கிரம் அமுங்கும். பாலியூரித்தேன் அதைவிட நாள் தாங்கும் (நடக்கத்தானே வாங்குறோம், பூட்டி வைக்கவா?). பழசை உருவிட்டுத்தான் புதுசைப் போடணும். பழசையே அளவா வெச்சு, முன்பக்கம் வெட்டுங்க. ரொம்ப தடிமனா வாங்கினா குதிகால் ஷூவை விட்டு வழுக்கும். சர்க்கரை உள்ளவங்களுக்கு டாக்டரைக் கேட்காம வாங்காதீங்க. மரத்துப்போன கால் "சுகமா இருக்கு"ன்னு சொன்னா நம்ப முடியாது.

அந்த நாலு பெட்டியைத் திற மாப்ள. போட்டு நட. அப்படியே இன்னிக்கு ராத்திரி உங்கப்பா, அம்மா பாதத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாரு.