மெயின் போர்டும் நமது அசிரத்தையும்

மழைக்காலம் நெருங்குமுன் ஓடு மாற்றிக் கூரையைச் செப்பனிடுவது நம் ஜனங்களின் பழைய வழக்கம். கூரை ஒழுகினால் பாய் நனையும். மின்சாரம் கசிந்தால் உயிர் போகும். ஆயினும், வீட்டு மெயின் போர்டை, மாட்டிய நாள் முதலாக ஒரு முறையேனும் திறந்து சோதிக்கச் செய்தவர் எத்தனை பேர்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி மாண்டவர் 12,000-க்கு மேற்பட்டோராவர். இதையெல்லாம் விதியின்மேல் போடுவது தகாது.

நான்கு விளக்குக்கும் இரண்டு விசிறிக்குமாகக் கம்பியிழுத்த வீடுகளில் இன்று வெந்நீர்க் கொதிகலனும் குளிர்சாதனமும் ஏறிவிட்டன. 2,000 வாட் கொதிகலன் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது. பாரம் மிஞ்சிப் பியூஸ் போனால், தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோம், எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைவிடப் பெரிதொன்றை மாட்டுகிறோம். இது குரைக்கும் நாயின் வாயைக் கட்டித் திருடனுக்கு வழிவிடுவதேயாகும்.

நிற்க, எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதி கொள்வதும் பிழை. போர்டில் ஒரு திருகு தளர்ந்தால் அவ்விடத்தில் உஷ்ணம் ஏறும், உஷ்ணத்தால் இணைப்பு மேலும் கெடும், முடிவில் தீப்பற்றும். மின்னோட்டம் அளவு மீறாதவரை எம்.சி.பி. இதை அறியாது. மனிதனைக் கொல்லும் சொற்ப மின்னோட்டத்தையும் அது அறியாது. அதற்கென ஏற்பட்டதே ஆர்.சி.சி.பி. சென்ற மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது கணப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கக் குழந்தையும் போதும். ஆனால் அப்பொத்தான் அக்கருவி இயங்குவதை மட்டுமே காட்டும். எர்த் சரியாக இருப்பதைக் காட்டாது. எர்த்தை அளக்கவும், கம்பியுறையை மெகர் வைத்துச் சோதிக்கவும், திருகுகளை இறுக்கவும் உரிமம் பெற்ற மின்பணியாளரே வேண்டும். மூடியைத் திறப்பது வீட்டாரின் வேலையன்று.

செலவாகுமே என்பர் சிலர். கலியாணத்திற்குச் சீரியல் விளக்குக் கட்டச் செலவழிப்பவர்கள் இதற்குக் கணக்குப் பார்ப்பது விந்தையே. வாடகை வீடுகளிலோ நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்காரர் குடியிருப்பவரைக் காட்டுகிறார். குடியிருப்பவர் வீட்டுக்காரரைக் காட்டுகிறார். இடையில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுவது பெண்களும் குழந்தைகளுமே. மீட்டருக்கு அப்பாலுள்ள கம்பிகளுக்கு மின்வாரியம் பொறுப்பாகாது. ஆகவே வாடகை வாங்குபவரே போர்டைப் பழுதின்றி வைக்கக் கடமைப்பட்டவர் என்பதே நமது அபிப்பிராயம். கருகல் நாற்றமோ, சூடோ, சடசடப்போ கண்டால் உடனே தெரிவிப்பது குடியிருப்பவர் கடமை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் வருஷந்தோறும் ஒரு நாளை இதற்கென ஒதுக்குமாறு நம் வாசகர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். சாவு வந்தபின் எழும் ஒப்பாரியைவிட, வருமுன் செய்யும் சோதனை எளிது.