பெங்குவின்கள் புகட்டும் கூட்டுறவுப் பாடம்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் மொழி. வகுப்பறைச் சுவர்களில் அதனை அழகுற எழுதி மாட்டுகிறோம். ஆயின், கூடி வாழ்வதற்கு எதனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அதற்கு விடை கூறுபவை அண்டார்டிகாப் பனிவெளியில் வாழும் பேரரசப் பெங்குவின்கள்.

அக்கண்டத்தில் ஜூன், ஜூலைத் திங்கள்கள் கடுங்குளிர் காலமாகும். வெப்பநிலை சுழிக்குக் கீழ் 40 பாகை செல்சியசுக்கு இறங்குவதும் உண்டு. அக்காலத்திலேதான் இப்பறவைகள் அடைகாக்கின்றன. பெண் பறவை ஒரேயொரு முட்டையிட்டு, அதனை ஆணிடம் ஒப்படைத்துவிட்டு இரைதேடிக் கடலுக்குச் செல்லும். ஆண் பறவை முட்டையைப் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத்தோல் மடிப்பால் மூடி, ஏறத்தாழ 65 நாள் காக்கும். இணைசேரப் பனித்தளத்திற்கு வந்த நாள் முதலாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ நான்கு திங்கள் அதற்கு உணவே இல்லை.

தனித்து நின்றால் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு விரைவில் கரைந்துவிடும். ஆகவே, அவை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. வெளியே உறைபனி, கூட்டத்தின் உள்ளேயோ 37 பாகை வரை வெப்பம் ஏறியதை ஆய்வாளர் அளந்துள்ளனர்.

அவ்வெப்பத்தை நடுவில் நிற்பவை மட்டுமே என்றும் துய்ப்பதில்லை. கூட்டத்தினர் 30 முதல் 60 வினாடிக்கு ஒருமுறை 5 முதல் 10 சென்டிமீட்டர் நகர்வதையும், அவ்வசைவு அலைபோலப் பரவுவதையும் 2011இல் வெளிவந்த ஆய்வொன்று விளக்கியது. எந்தப் பறவையும் அவ்வசைவைத் தொடங்கலாம் என்று 2013இல் மற்றோர் ஆய்வு காட்டியது. ஆணையிடும் தலைவன் அங்கு இல்லை. ஒவ்வொன்றும் தன் குளிரைப் போக்கிக்கொள்ளவே நகர்கிறது. எனினும், ஓரத்தில் நின்றவை உள்ளே வர, உள்ளே நின்றவை ஓரத்திற்கு வருகின்றன.

இவற்றின் உறவினமாகிய அரசப் பெங்குவின்களும் பெருங்கூட்டமாகவே வாழ்கின்றன. ஆனால், அடைகாக்கும் காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிறு எல்லையை வகுத்துக்கொண்டு, நெருங்கும் பறவையை அலகால் கொத்தியும் துடுப்புச் சிறகால் அடித்தும் விரட்டும். அவை வாழும் தீவுகளில் குளிர் அத்துணைக் கொடியதன்று; ஆதலால் பிழைத்துக்கொள்கின்றன. பேரரசப் பெங்குவினுக்கோ கூடும் இல்லை, சொந்த எல்லையும் இல்லை. 'என் இடம்' என்னும் பிடிவாதம் இன்மையாலேயே அதனால் நெருங்கி நிற்க இயல்கிறது.

எனவே, கூட்டமாய் இருப்பது வேறு, கூடி வாழ்வது வேறு என்பது நமது கருத்து. எப்போதும் ஒருவரே வகுப்புத் தலைவர், ஒருவரே மேடைப் பேச்சாளர், ஒருவரே பின்வரிசையில் வாய்திறவாதிருப்பவர் எனின், அவ்வகுப்பு வெறுங்கூட்டமே. மேடை கண்ட மாணவர் அடுத்த முறை பிறருக்கு வழிவிடல் வேண்டும். பிந்தி நிற்கும் மாணவரும் யாரேனும் அழைக்கட்டும் என்று காத்திராமல் ஓரடி முன்வைத்தல் வேண்டும். வாய்ப்புகள் சுழன்று வருமாறு பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடமை. தம் பிள்ளைக்கே முதலிடம் என்று வற்புறுத்தாதிருப்பது பெற்றோர் கடமை.

மாணவர் தொகை சிறிதாயுள்ள தோட்டப்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முறை வருவது எளிது. அந்நல்வாய்ப்பை நழுவவிடாதிருப்போமாக!