பௌர்ணமி இட்லி, அமாவாசை இட்லி

திருவண்ணாமலையில் இரண்டு வகை இட்லி உண்டு. ஒன்று பௌர்ணமி இட்லி, இன்னொன்று அமாவாசை இட்லி. மாவு ஒன்றுதான், பானை ஒன்றுதான், ஊற்றுகிற கையும் ஒன்றுதான். விலை மட்டும் வளர்பிறையில் வளர்ந்து தேய்பிறையில் தேயும். (எல்லாக் கடையும் அப்படியில்லை. அவசரப்பட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள்!)

பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே கெட்ட பழக்கம், வாயில் வைக்கிற எதற்கும் அடக்க விலை போட்டுப் பார்ப்பது. அதனாலேயே வெளியூர் நண்பர்கள், "மச்சான், சனி, ஞாயிறு உங்க ஊருக்கு வர்றோம். சீப்பா இருக்கணும், அசலாவும் இருக்கணும். நாலு ஓட்டல் சொல்லு. அப்படியே நல்ல பப் இருந்தாலும் சொல்லு" என்று என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பப் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தப் பெயரில் ஒரு போர்டு இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. டாஸ்மாக் இருக்கிறது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு ஆரம்பித்த கம்பெனி, 2003 நவம்பரிலிருந்து சில்லறையையும் கையில் எடுத்துக்கொண்டது. தீபத் திருவிழா சமயத்தில் கலெக்டர் உத்தரவு போட்டு அதற்கும் பூட்டுப் போட்டுவிடுவார். ஆனால் ஒரு சமாசாரம். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொதுஜனம் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுகிற இடம். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரில் தெருவுக்கு ரெண்டு பப். ஒரே ஒரு டீயை வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் பெஞ்சைத் தேய்த்தாலும் "அப்புறம் சார்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். பேப்பர் இலவசம். அரசியல் அதைவிட இலவசம். லண்டன்காரர் கொடுப்பாரா இந்த வசதியை?

இனி சாப்பாடு. இந்த ஒரு ஊருக்குள் நான்கு தேசங்கள் சாப்பிடுகின்றன. பாஸ்போர்ட் வேண்டாம், ஷேர் ஆட்டோ போதும்.

முதல் தேசம் செங்கம் ரோடு. 1896 செப்டம்பர் 1-ம் தேதி மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயசுப் பையன் இங்கே வந்து இறங்கினான். பிற்பாடு ரமண மகரிஷி என்று உலகம் கும்பிட்ட அவர், 1950-ல் கண் மூடும் வரை ஊரை விட்டு நகரவில்லை. 1934-ல் பால் பிரண்டன் தன் புத்தகத்தில் அவரைப் பற்றி எழுதினார். 1938-ல் சாமர்செட் மாம் நேரிலேயே வந்தார். அன்றைக்கு ஆரம்பித்த வெள்ளைக்கார வரவு இன்னும் நின்றபாடில்லை. விளைவு, ஆசிரமத்தைச் சுற்றி பிரவுன் பிரெட், பான் கேக், ஹம்மஸ், இஞ்சி எலுமிச்சை தேன் டீ. 'ஜெர்மன் பேக்கரி' என்ற போர்டைப் பார்த்துவிட்டு ஜெர்மன்காரரைத் தேடாதீர்கள். மணாலியிலும் புஷ்கரிலும் இதே பெயரைப் பார்க்கலாம். நம் முனியாண்டி விலாஸ் மாதிரி அது ஒரு குலப்பெயர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன். அக்னி நட்சத்திரத்தில் போனால் பாதிக் கடையில் பூட்டுதான் வரவேற்கும்.

இரண்டாவது தேசம் கோயிலைச் சுற்றி இருக்கிறது. பாஷை தெலுங்கு. ஆந்திரா, தெலங்கானா ஜனங்களுக்கு ஊரின் பெயரே அருணாசலம்தான். கடந்த சில வருஷங்களில் அவர்கள் வரவு பெருகிப்போய், தெருவில் தமிழுக்குச் சமமாகத் தெலுங்குப் போர்டு. பருப்புப் பொடியும் நெய்யும் போட்டு ஆரம்பித்து, கோங்குராவில் கண்ணீர் விட்டு, தயிரில் சமாதானமாகிற சாப்பாடு. நல்ல கடையாக அமைந்தால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

மூன்றாவது, காவி தேசம். பட்ஜெட் பூஜ்யம். ரமணாசிரமத்தில் முற்பகலில் சாதுக்களுக்கு அன்னம். அண்ணாமலையார் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம். இந்த ஊரில் சோறு போடுவது பழைய வியாதி. கணவனையும் குழந்தைகளையும் பறிகொடுத்துவிட்டு வந்த எச்சம்மாள் என்ற அம்மாள், முப்பது வருஷத்துக்கும் மேலாக தினமும் மகரிஷிக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு போனார். மகரிஷியும் சும்மா உட்கார்ந்து சாப்பிட்ட ஆசாமி அல்ல. விடியற்காலையில் சமையல் கட்டில் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். அம்மாவுக்காக அப்பளம் இடுவதை வைத்து 'அப்பளப் பாட்டு' என்று ஒரு வேதாந்தப் பாட்டே எழுதியிருக்கிறார்.

நான்காவது தேசம்தான் எங்கள் சொந்த தேசம். மேப்பில் இருக்காது. 1989-ல் மாவட்டத் தலைநகரான ஊர் இது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டு வந்தவர், வாய்தாவுக்கு வந்தவர், பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடைப் பையன், ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பாச்சிலர்கள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். இவர்களுக்கான மெஸ்களுக்கு ஏ.சி. கிடையாது. சில இடங்களில் போர்டே கிடையாது. கேழ்வரகுக் கூழ், களி, கீரைக் கடைசல், மல்லாட்டைச் சட்னி.

மல்லாட்டை என்றால்? வேர்க்கடலை, ஸ்வாமி! தமிழ்நாட்டில் கடலை அதிகம் விளைகிற மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. "அப்பாடா, இதுதான் அசல்!" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, அதுவும் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பெயரிலேயே பிலிப்பைன்ஸ் தலைநகரம் இருக்கிறது. அதற்கும் முன்னால் அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அதோடு சேர்த்து அரைக்கிற மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். கப்பலில் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். ஆக, எங்கள் ஊர்ச் சட்னியில் சுத்த சுதேசி தேங்காயும் உப்பும்தான்.

அதனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு அசலைக் கண்டுபிடிக்க முடியாது. யார் தினமும் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் கண்டுபிடித்துவிடலாம். செங்கம் ரோட்டில் நம்மூர்ப் பையன் சுட்டு, அங்கேயே வருஷக்கணக்காகத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பாட்டி தினமும் வாங்கிப் போகிற பிரெட், என் கணக்கில் அசல். ஆட்டோக்காரரே எட்டிப் பார்க்காத 'பாரம்பரிய கிராமத்து விருந்து', மண் சட்டியில் கொடுத்தாலும் டூப்ளிகேட்.

அசைவமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. 2023-ல் கவர்னர் ஆர்.என்.ரவி வந்துபோனபோது, கிரிவலப் பாதை அசைவ ஓட்டல்கள் பற்றிச் சொன்ன கருத்து பேப்பர்களில் பெரிய காரசாரமானது. சுற்றிவிட்டு ஊருக்குப் போகிறவருக்கு அது 14 கிலோமீட்டர் பாதை. அடி அண்ணாமலையில் குடியிருக்கிறவருக்கோ அது வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் குழந்தை கறிக்குழம்பு கேட்கத்தான் செய்யும்.

இப்போது இட்லிக்கு வருவோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள். முன்பெல்லாம் கிரிவலக் கூட்டம் என்பது மாசத்தில் ஒரு ராத்திரி. அன்றைக்கு மட்டும் உள்ளூர்க்காரன் வீட்டிலே ரசம் வைத்துச் சமாளித்துக்கொள்வான். இப்போதோ சனி, ஞாயிறும் பௌர்ணமிதான். லீவு நாளெல்லாம் பௌர்ணமிதான். கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கூட்டம் கூடினால் கடை வாடகை கூடும், ஆள் கூலி கூடும். ஆனால் ஏறிய விலை அமாவாசைக்கும் இறங்க மறுக்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கிரிவலம் வந்தவர் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவார். பன்னிரண்டாயிரம் சம்பளக்காரன் எந்த பஸ் ஏறுவான்? அவன் ராத்திரிச் சாப்பாடு மெதுவாக இரண்டு பன்னும் ஒரு டீயுமாகத் தேய்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிற தேய்பிறை இது.

நான் வழக்கமாகக் கூழ் குடிக்கிற தள்ளுவண்டி அக்கா ஒருத்தர் இருக்கிறார். பௌர்ணமியன்று வண்டியைச் சுற்றிக் கூட்டம். "என்னக்கா, இன்னிக்காவது அஞ்சு ரூபா ஏத்தக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் வர்றவங்களுக்காக ஏத்துனா, முப்பது நாளும் வர்றவன் மூஞ்சியில நான் எப்படித் தம்பி முழிக்கிறது?" என்றார், சொம்பைக் கழுவிக்கொண்டே.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் மூன்று வருஷம் என் வாத்தியார்கள் சொல்லித் தராத பாடம். வந்து போகிற கூட்டம் லாபம். நின்று சாப்பிடுகிறவன் முதல். முதலைத் தின்றுவிட்டு லாபம் பார்த்த கடை எங்கே இருக்கிறது?

ஆகவே வருகிறவர்களுக்குச் சில யோசனைகள். முடிந்தால் செவ்வாய், புதனில் வாருங்கள். விலைப் பலகையைப் பாருங்கள். பெயின்டில் எழுதியிருந்தால் தைரியமாக உட்காரலாம், சாக்பீஸில் எழுதியிருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். பரிமாறுகிறவரும் முதலாளியும் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். அதே சாம்பாரை அவர்களும் ஊற்றிக்கொண்டால் நீங்களும் ஊற்றிக்கொள்ளலாம். பஸ் கண்டக்டர்கள் நுழைகிற கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழையுங்கள். அவர்களுக்கு நேரமும் கிடையாது, ஏமாறுகிற பழக்கமும் கிடையாது.

இன்னும் ஒன்று. அந்தக் கடையில் இடம் பத்தாது. சாப்பிட்டு முடித்ததும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து செல்ஃபி எடுக்காமல் சட்டென்று எழுந்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால், டிபன் டைம் முடிய இன்னும் பத்தே நிமிஷம் இருக்கிற ஒரு குமாஸ்தா நின்றுகொண்டிருக்கிறார்.