ஆந்தைக் குஞ்சைக் காப்பாத்தணுமா? முதல்ல செல்போனை உள்ளே வைங்க!

செஞ்சி அருகே அனந்தபுரத்தில், பட்டுப்போன ஒரு பனைமரத்தை வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொந்திலிருந்து ஓர் ஆந்தைக் குஞ்சு கீழே விழுகிறது. ஒருத்தர் ‘அபசகுனம்’ என்று விலகிப் போவார். இன்னொருத்தர் அட்டைப்பெட்டி தேடுவார். நாலு பேர் செல்ஃபி எடுப்பார்கள். ராத்திரிக்குள் அது யாரோ ஒருவர் வீட்டில், பாலில் நனைத்த பிரெட்டோடு, இன்ஸ்டா ரீல் ஆகியிருக்கும்.

பெட்டி தேடியவருக்கும் பால் கொடுத்தவருக்கும் நல்ல மனசுதான். ஆனா, அந்தக் குஞ்சு மறுபடி வெளியே பறக்க முடியாமல் போவதற்கு அந்த நல்ல மனசே காரணமாகிவிடலாம்.

கொஞ்சினால் என்ன தப்பு?

கண் திறந்து உலகத்தைப் பார்க்கும் நாட்களில் யார் இரை கொடுக்கிறார்களோ, அவர்களையே தன் இனமாக ஆந்தைக் குஞ்சு மனதில் பதித்துக்கொள்ளும். மனிதர் கையில் வளர்ந்தால் மனிதர்தான் சொந்தம். அப்புறம் ஜோடி தேடத் தெரியாது, வேட்டையாடத் தெரியாது, ஆளைப் பார்த்தால் ஒதுங்கவும் தெரியாது. அப்படி ஆன பறவையை வெளியே விடவே முடியாது.

சாப்பாடும் சிக்கல். ஆந்தை எலியை எலும்பு, முடியோடு விழுங்கும். செரிக்காததை உருண்டையாகக் கக்கிவிடும். பால், பிரெட், சோறு எதுவும் அதற்கு உணவு கிடையாது.

தன்னார்வலருக்கு அங்கே என்ன வேலை?

பெங்களூரு கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பு நடத்துவதுபோல வனவிலங்கு மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. வார இறுதியில் இப்படி ஒரு மையத்துக்குப் போய் ஆந்தையைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். கூண்டைக் கழுவுவது, விரித்த செய்தித்தாளை மாற்றுவது, இறைச்சி வெட்டுவது, எடை குறிப்பது, கக்கிய உருண்டைகளைக் கணக்கெடுப்பது, இவைதான் வேலை. பேச்சுக் குரல்கூட ஆந்தையின் காதில் விழக்கூடாது. பெரிய கூண்டில் நன்றாகப் பறக்கிறதா, தானே இரை பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே விடுவிப்பார்கள். ஆந்தைக்குப் பரிச்சயமே ஆகாத தன்னார்வலர்தான் நல்ல தன்னார்வலர்.

செஞ்சிக்கு இது ஏன் முக்கியம்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள், கொம்பன் ஆந்தை விரும்பும் வகை நிலம். வயலோரப் பனைகளும் பழைய கட்டடங்களும் புள்ளி ஆந்தைக்கும் கூகைக்கும் ஏற்றவை. ஆய்வாளர் எரிக் ராமானுஜம் புதுச்சேரியைச் சுற்றிக் கொம்பன் ஆந்தைகளின் இரையை ஆராய்ந்தபோது, அதில் எலிகளே அதிகம் இருந்தன. நெல்லும் மணிலாவும் விளையும் ஊரில் சம்பளம் கேட்காத காவல்காரர் என்றால் அது ஆந்தைதான்.

ஆனா, அந்தக் காவல்காரருக்கு நாம் கொடுப்பது என்ன? இந்தியாவில் உள்ள சுமார் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் சட்டவிரோத விற்பனையில் சிக்கியிருப்பதை டிராஃபிக் இந்தியா அமைப்பின் 2010 அறிக்கை காட்டியது. மாந்திரீகம் அதற்கு முக்கியக் காரணம். அபசகுனம் என்று விரட்டுவது, பூஜைக்குப் பிடிப்பது, ரீலுக்குத் தூக்கி வருவது: மூன்றிலும் பாதிக்கப்படுவது அதே பறவை.

சரி, என்ன செய்யணும்?

குஞ்சுக்குக் காயம் இல்லை, பொந்தும் அப்படியே இருக்கிறது என்றால் அதிலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. பறக்கப் பழகும் குஞ்சு என்றால், பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகுங்க. பெற்றோர் வந்து இரை கொடுக்கும்.

காயம் இருந்தாலோ, மரமே போய்விட்டாலோ, காற்றுத் துளை போட்ட பெட்டியில் துணி விரித்து, இருட்டான இடத்தில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி, காட்டுப் பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம்.

இங்கே அரசுக்கும் பொறுப்பு உண்டு. அனந்தபுரத்திலிருந்து சென்னை 100 கிலோமீட்டருக்கு மேல். அடிபட்ட பறவைக்கு அந்தப் பயணமே ஆபத்து. தாலுகா அளவிலான கால்நடை மருத்துவமனைகளில் காட்டுப் பறவைகளுக்கு முதலுதவி தரப் பயிற்சியும், ஒரு தனி அறையும் இருந்தால்கூட நிலைமை மாறும். பெட்டியோடு பைக்கில் கொண்டு சேர்க்க உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், அதைவிடப் பெரிய தன்னார்வப் பணி வேறில்லை.

அந்தப் பணியில் லைக் கிடைக்காது. ஆனா, அந்தக் குஞ்சு என்றாவது ஒரு ராத்திரி செஞ்சி வயலில் தானே ஓர் எலியைப் பிடிக்கும்.