கணக்கெடுக்க வருவதற்குள் கடைவீதிக்கு வாருங்கள்!

கடையை எடுக்கச் சொல்லி வருகிறவர் கையில் பெரும்பாலும் நோட்டீஸ் இருப்பதில்லை. லாரி வந்து நிற்கிறது. தராசும் குடையும் பழக்கூடையும் ஏறுகின்றன. சாயங்காலம் கட்சி வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்கிறோம். அவர் ஒரு போன் போட்டால் தராசு திரும்பி வருகிறது, பழம் அழுகி வருகிறது. மறுநாள் அதே இடத்தில் கடை, அதே மாமூல். விரட்டுவதும் அவர்கள், காப்பாற்றுவதும் அவர்கள். நடுவில் நம் ஓட்டும் போகிறது, நாள் வருமானமும் போகிறது. நம் பிழைப்பை யாரோ ஒருவருடைய தயவாக வைத்திருப்பதில்தான் அவர்களுடைய அரசியல் நடக்கிறது.

ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நடைபாதை வியாபாரமும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமையில் அடங்கும், அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்று 1989-லேயே சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பிறகும் கால் நூற்றாண்டு போராடித்தான் 2014-இல் சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்தது. அதன்படி, எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது. அதற்குப் பிறகு இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். சரக்கைப் பறித்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் உண்டு. பத்து லட்சம் பேர் வாழும் ஊரில் 25,000 கடைகள்!

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்தச் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் நாமே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்த நாற்காலிகளில் நாம் உட்காராவிட்டால், யாருக்கோ வேண்டியவர்கள் உட்காருவார்கள். அங்கே உட்காருவதற்கும் முதலில் கணக்கெடுப்பில் நம் பெயர் வர வேண்டும். காலை 11 மணிக்கு மட்டும் கணக்கெடுத்தால், விடியலில் பூ விற்கிற அக்காவும் இரவு இட்லிக்கடை அண்ணனும் பட்டியலில் வரமாட்டார்கள். பட்டியலில் இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை, குழுத் தேர்தலில் ஓட்டும் இல்லை.

தனியாக நிற்பவருக்கு என்ன நேரும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 2005-இல் ஜிம்பாப்வே அரசு 'குப்பையை அகற்று' என்று பெயர் வைத்தே ஏழைகளின் குடிசைகளையும் கடைகளையும் இடித்தது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் என்றது ஐ.நா. 2010 டிசம்பர் 17 அன்று துனீசியாவில் சிடி பூஜித் என்ற ஊரில், பறிபோன தராசைக் கேட்டுப் போனார் பழ வியாபாரி முகமது புவாசிசி. ஆளுநர் அலுவலகத்தில் அவரைப் பார்க்கவே மறுத்தார்கள். வாசலிலேயே தீக்குளித்தார். நான்கு வாரத்தில் 23 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது உண்மைதான். ஆனாலும் அந்த 26 வயதுப் பிள்ளை உயிரோடு இருந்திருக்க வேண்டும், தோழர்களே! நம் தெருவில் யாரும் அப்படி ஒரு வாசலில் தனியாக நிற்கக் கூடாது.

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1972-இல் அகமதாபாத்தில் இலா பட், சுயதொழில் செய்யும் பெண்களின் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. பதிவு வாங்கினார்கள்.

ஆகவே இந்த வாரமே இறங்குங்கள். எந்தக் கட்சிச் சங்கம் என்று பார்க்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு போன் போதும். விடியலில் ஒரு முறை, உச்சிவேளையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை கடைவீதியைச் சுற்றி வாருங்கள். பெயர், சரக்கு, எத்தனை வருடமாகக் கடை என்று எழுதுங்கள். கடையோடு படம் எடுங்கள். தலைச்சுமைக்காரரையும் விடாதீர்கள். பட்டியலின் ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும், இன்னொன்றை நகராட்சியில் கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்குங்கள்.

குழுத் தேர்தலுக்குப் பெண்களை நிறுத்துங்கள், அவர்கள் பெயரில் வீட்டு ஆண்கள் போய் உட்கார விடாதீர்கள். கூட்டத்துக்குப் போகிற அன்று அவர்கள் கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைய தண்டலைச் சங்கம் கட்டட்டும்.