சாட்சி சொல்லும் படங்கள்

இக்காலத்தில் யாத்திரை புறப்படுகிறவர்கள் கூஜாவை மறந்தாலும் மறப்பார்கள்; காமிராவை மறக்க மாட்டார்கள். மறக்கவும் முடியாது. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்குள்ளேயே காமிராவும் குடியிருக்கிறது. ஆகையால் க்ஷேத்திரத்தின் வாசலில் பஸ் வந்து நின்ற ஐந்தாவது நிமிஷத்தில் ஐம்பது படங்கள் பிடிக்கப்பட்டு விடுகின்றன. ஊர் திரும்பிய பிறகு அவற்றைப் பார்க்கும் பாக்கியமும் நமக்குக் கிடைக்கிறது. மாமா இருக்கிறார், மாமி இருக்கிறார், மாமியின் புதுப் புடவை இருக்கிறது. மாமாவின் இடது காதுக்கும் மாமியின் வலது காதுக்கும் நடுவில், ஆயிரம் வருஷத்துச் சோழர் சிற்பம் ஒன்றும் மங்கலாக இருக்கிறது!

குடும்பத்தோடு படம் எடுத்துக் கொள்வதில் யாதொரு குற்றமும் இல்லை. அதே இடத்தில் நின்று, சிற்பத்தையும் தனியாக ஒரு தடவை எடுத்துவிட்டு வாருங்கள் என்பதே நம் விண்ணப்பம். இதைக் கலையார்வத்தை முன்னிட்டு மட்டும் சொல்லவில்லை. பகட்டில்லாத ஒரு நேர்ப் படம், களவு போன தெய்வத்தை மீண்டும் ஊருக்கு அழைத்து வரக் கூடும். அப்படி அழைத்தும் வந்திருக்கிறது.

தரங்கம்பாடிக்கு அருகே அனந்தமங்கலம் என்ற ஊரில் ராஜகோபாலப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1955-ல் ஸ்தாபிக்கப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் விக்கிரகங்களையும் படம் பிடித்து வந்தார்கள். அனந்தமங்கலத்து ராமர், சீதை, லக்ஷ்மணர் விக்கிரகங்களை அவர்கள் படம் எடுத்தது 1958-ஆம் வருஷத்தில். இருபது வருஷம் கழித்து, 1978-ல், அந்த விக்கிரகங்கள் திருட்டுப் போயின. கைகேயி கேட்டது பதினான்கு வருஷ வனவாசம். திருடர்கள் விதித்ததோ நாற்பத்திரண்டு வருஷம். கடைசியில் லண்டனில் இருந்த விக்கிரகங்கள் 1958-ஆம் வருஷத்துப் படங்களோடு ஒப்பிடப்பட்டு, இவையே அவை என்று நிச்சயமாயிற்று. 2020 செப்டம்பரில் அவை இந்திய ஹை கமிஷனிடம் ஒப்படைக்கப்பட்டுத் தாயகம் திரும்பின. இந்தத் தடவை கடல் தாண்டிப் போய்ச் சீதையைக் கண்டுபிடித்தது ஒரு பழைய புகைப்படம்!

அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் நடராஜரின் கதை இன்னும் விசித்திரமானது. அவரை 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிற்று. இந்தியாவில் 1972-ல் புராதனப் பொருள்கள் சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பே அந்த விக்கிரகம் வெளியே போய்விட்டதாகக் காட்டும் பத்திரங்களும் தயாராக இருந்தன. ஆனால் அந்தத் தேதிக்கு வெகு காலத்துக்குப் பிறகு, நடராஜர் தம் சொந்தக் கோயிலிலேயே இருந்ததைப் பிரெஞ்சு நிலையத்தின் படங்கள் காட்டின. பத்திரம் பொய் சொல்லிற்று. படம் மெய் சொல்லிற்று. 2014-ல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்.

ஒரு நடராஜரைப் போல இன்னொரு நடராஜர் இருக்க மாட்டாரா, படத்தை வைத்துக் கொண்டு எப்படி நிச்சயம் செய்வது என்று நேயர்கள் கேட்கலாம். நம் ஸ்தபதிகள் விக்கிரகத்தை முதலில் மெழுகினால் செய்கிறார்கள். அதன் மேல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, உள்ளே உண்டான வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். உலோகம் இறுகியதும் மண் அச்சை உடைத்து எறிந்துவிடுகிறார்கள். ஒரு அச்சில் ஒரு விக்கிரகந்தான் உண்டு. ஆகவே இரட்டைப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை. திருவாசியின் சுடர்களிலும், விரல் நுனியிலும், பீடத்தின் விளிம்பிலும் உள்ள சிறு தேய்வும் ஒடிவும் கைரேகையைப் போல் அடையாளம் சொல்லும். சொல்வதற்கு, தெளிவான படம் ஒன்று இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கணக்கு எழுதி வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் வெட்டுவித்த கல்வெட்டுக்களைப் பாருங்கள். கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றும் பாதாதிகேசம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை என்றெல்லாம் அதிலே கண்டிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. எந்த நாட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளாவது அவற்றில் ஒன்று நின்றால், நான்கு கையும் இத்தனை விரல் உயரமும் உள்ள விக்கிரகம் என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக் கொண்டு அதை மீட்டுவிட முடியாது. உயரம் ஒத்துப் போகும் விக்கிரகங்கள் எத்தனையோ இருக்கும். கல்வெட்டு கணக்கைக் காப்பாற்றிற்று. முகத்தைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு வழியும் இல்லை.

அந்த வழி நம் நாட்டுக்கு வந்த புதிதிலேயே ஒருவர் அதைச் சரியாக உபயோகித்தார். லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிச் சேனை அதிகாரி, சென்னை ராஜதானியின் சர்க்கார் படப்பிடிப்பாளராக நியமிக்கப்பட்டவர். 1858-ல் அவர் மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படம் பிடித்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு வரிசையைத் துண்டு துண்டாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதில் மாமாவும் இல்லை, மாமியும் இல்லை, எழுத்துத்தான் இருக்கிறது. செலவு அதிகம் என்று அவருடைய வேலையைச் சர்க்கார் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அன்று மாட்டு வண்டியும் ரஸாயனமும் வேண்டியிருந்தன. இன்று செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேண்டியது பொறுமை ஒன்றே.

ஆகவே பிரயாணம் போகும் நேயர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறோம். முதலில் சற்று எட்டி நின்று, சிற்பம் எந்தச் சுவரில், எந்தத் தூணில் இருக்கிறது என்று தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு நேர் எதிரே நின்று முழுச் சிற்பத்தையும் எடுங்கள். அதன் பிறகு முகம், கை, பீடம், பீடத்தில் எழுத்து இருந்தால் எழுத்து. மூக்கு உடைந்திருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். உடைந்த மூக்கே நல்ல அடையாளம். காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். ஆகையால் தூர விலகிப் போய் நேராகப் பிடியுங்கள்.

புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் கொடுப்பது சாய்ந்து விழும் வெயில். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும் பாறை கிழக்கு நோக்கியது. வெயில் ஏறி வரும் காலை வேளையில் அதிலுள்ள யானையும் பூனையும் எழுந்து வருவது போலத் தோன்றும். பிற்பகலில் பாறை முழுதும் நிழலில் ஆழ்ந்துவிடும். சித்திரங்களின் விஷயம் வேறு. அஜந்தா போன்ற இடங்களில் பளிச்சென்று மின்னும் விளக்கைக் காமிராவில் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீற வேண்டாம். மூச்சை அடக்கிக் கையை ஆடாமல் பிடித்தால் உள்ள வெளிச்சமே போதும்.

படம் எடுத்த அன்றே ஊர், கோயில், சந்நிதி, திசை, தேதி இவற்றைக் குறித்து வையுங்கள். கைப்பேசி தேதியைத் தானே குறித்துக் கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் வாட்ஸப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்து போகும்; படமும் சுருங்கிவிடும். ஆகையால் மூலப் படத்தைப் பத்திரப்படுத்தி, வேறோர் இடத்தில் ஒரு பிரதியும் வைப்பது நலம். ராபர்ட் கில் என்பவர் 1844 முதல் அஜந்தாவில் தங்கி, பல வருஷம் பாடுபட்டு எழுதிய சித்திரப் பிரதிகள் லண்டன் பளிங்கு மாளிகையில் வைக்கப்பட்டிருந்தன. 1866-ல் அங்கே பிடித்த தீயில் அவற்றில் ஏறக்குறைய எல்லாம் சாம்பலாயின. ஒரே இடத்தில் வைத்த செல்வத்தின் கதி அது.

"கோயிலுக்குள் காமிராவே கூடாது என்கிறார்களே?" என்று கேட்கலாம். வாஸ்தவம். கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சந்நிதிக்கு முன்னால் பக்தர்களின் தலைக்கு மேல் கைகள் காமிராவுடன் எழும்பும் காட்சியை நாமும் விரும்பவில்லை. தடை உள்ள இடத்தில் தடைக்குக் கீழ்ப்படிவதே முறை. ஆனால் தொல்பொருள் இலாகா பராமரிக்கும் எத்தனையோ இடங்களில் அனுமதி உண்டு. கிராமத்துச் சிறு கோயில்களில் தர்மகர்த்தாவையும் அர்ச்சகரையும் மரியாதையாகக் கேட்டால் வெளிச் சுவரை எடுக்க விடுவார்கள். வெளிச் சுவர்தானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். விருத்தாசலம் கோயிலின் கோஷ்டத்தில் நின்ற கல் அர்த்தநாரீசுவரரே சிட்னி வரையில் போய், பழைய படங்கள் சாட்சி சொன்ன பிறகு 2014-ல் திரும்பினார்.

படம் வெளியானால் திருடனுக்கு வழி காட்டியது போலாகாதா என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அச்சம் நியாயமானதே. பூட்டில்லாத சிறு கோயிலின் விக்கிரகத்தை ஊரறியப் பறைசாற்ற வேண்டாம். படத்தை அந்தக் கோயிலாரிடமே ஒரு பிரதி கொடுத்து, நீங்களும் பத்திரமாக வைத்திருங்கள். திருடனுக்குப் படம் தேவையில்லை. அவன் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போகிறான். படம் இல்லாமல் தவிப்பது, களவு போன பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும் ஊர்க்காரர்கள்தான்.

அனந்தமங்கலத்துப் படத்தை எடுத்தவர்களுக்கு, இருபது வருஷம் கழித்துத் திருடர்கள் வருவார்கள் என்று அன்று தெரியாது. ஒழுங்காக எடுத்தார்கள், பெயர் எழுதி வைத்தார்கள். நேயர்கள் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, குலதெய்வத்தின் கோயிலிலிருந்தே இந்தக் காரியத்தைத் துவங்கலாம். மாமாவையும் மாமியையும் அதற்கு முன்னாலேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அவர்கள் உங்களை வேலை செய்ய விட மாட்டார்கள்!